எட்டில் ஒன்று

வியாழக்கிழமை மழை விடுமுறை என்று
கலெக்டர் அறிவித்தபோது
நான் தக்கலை பஸ் ஸ்டாண்டில்
பாதி நனைந்து நின்றிருந்தேன்.
குலசேகரத்திலிருந்து ஒரு பஸ்,
குளச்சலுக்கு இன்னொன்று,
அதன்பிறகு கடற்கரைப் பள்ளிக்கு மினிபஸ்.
திரும்பிப் போக மனமில்லை.
ஆறாம் வகுப்பின் முப்பத்தொரு தாள்களை
டீக்கடை பெஞ்சில் விரித்துத் திருத்தினேன்.
பிறிஸ்காவின் தாளில் பேனா நின்றுவிட்டது.

திங்கட்கிழமை தொடங்கியது அது.
புத்தகத்தில் ஏழு நண்பர்கள் கேக் வெட்டினார்கள்.
இந்த ஊரில் எதற்குக் கேக் என்று
மீனாக மாற்றினேன், கொஞ்சம் பெருமையோடு.
ரப்பர் மரத்தடியில் வளர்ந்தவள் நான்.
சாளையும் அயிலையும்
கறிச்சட்டியில்தான் எனக்குப் பழக்கம்.

"ஏழு பேர் கடலுக்குப் போனார்கள்.
கிடைத்ததைச் சமமாகப் பிரித்தால்
ஒருவருக்கு எவ்வளவு?"

"டீச்சர், மண்ணெண்ணெய்க் காசு?"
"வள்ளத்துக்குப் பங்கு?"
"கோயிலுக்கு எடுக்கண்டாமா?"
எல்லாம் கழித்தாயிற்று என்றேன்.
அப்ப மிச்சம் ஒண்ணும் இருக்காதே என்று
பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.
பிறிஸ்கா எழுந்து
எட்டில் ஒன்று என்றாள்.
"போனது ஏழு பேர்தானே?"
"காலொடிஞ்சு கெடக்காவளே டீச்சர்,
அவியளுக்கு?"

யார் என்று நான் கேட்கவில்லை.
கணக்கில் அப்படி ஒருவர் இல்லை என்று சொல்லி
கரும்பலகையில் ஏழில் ஒன்று எழுதினேன்.
எல்லாரும் பார்த்து எழுதினார்கள், அவளும்.
புதன்கிழமைத் தேர்வில்
மறுபடியும் எட்டு.

நடுவில் செவ்வாய் ஒன்று இருந்தது.
குடற்புழு மாத்திரை.
சாக்பீஸ் மாதிரி இருக்கு என்று முகம் சுளித்த ஜெரோனிடம்
சாக்பீஸ் எப்போது தின்றாய் என்றேன்.
தண்ணீர் குடிக்க ஓடிவிட்டான்.

தேர்வு முடிந்த மதியம் தீயணைப்பு வண்டி.
சிவப்பு உருளையின் ஊசியை இழுத்து
வெள்ளைப் புகை காட்டியவரிடம்
"கடல்ல வச்சு எஞ்சின் பத்தினா?"
என்று கேட்டான் டைட்டஸ்.
அவர் மதிலுக்கு அப்பால் கடலைப் பார்த்தார்.
அடுத்த கேள்வி என்றார்.

வெள்ளி, பள்ளி மேலாண்மைக் குழு.
கழிப்பறைக் குழாய், உடைந்த மதில்,
போன கூட்டத்தில் சொன்ன அதே குழாய்.
பதினோரு அம்மாக்கள் கையெழுத்திட்டார்கள்.
கடைசியில் ஒருத்தி தாளை நீட்டினாள்.
"சரியும் போடல்ல, தப்பும் போடல்ல.
எங்க பிள்ள என்னதான் எழுதி வச்சிருக்கா?"
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
பதினெட்டு வருட வேலையில்
ஒரு பின்னத்துக்கு அவகாசம் கேட்டது
அன்றுதான்.
ஏலத்துக்கு நேரமாச்சு என்று அவள் போய்விட்டாள்.

மழைக்கு ஈடாகச் சனிக்கிழமையும் பள்ளி.
வியாழனிலிருந்து தள்ளிப்போன உணவுத் திருவிழா.
ஏழாம் வகுப்பு மரச்சீனிக் கிழங்கு,
எட்டாம் வகுப்பு நெத்திலிக் கறி, உப்பு கூடுதல்.
ஆறுக்கு ஒரே ஒரு கிண்ணத்தப்பம்,
அண்டா மூடி அகலத்தில்.
லிபின் அந்த வாரம் முழுக்க
பொன்னுக்குவீங்கியோடு வீட்டில்.
வந்திருந்தது முப்பத்தொரு பேர்.
கத்தியை என்னிடம் கொடுத்தார்கள்.

ஒரு வட்டத்தை முப்பத்தொன்றாக்க
எங்கே முதலில் வைப்பது?
கணக்கு டீச்சர் கத்தியோடு நின்றேன்.

"இங்க தாருங்க."
பிறிஸ்கா பாதியாக்கினாள்.
பாதியைப் பாதி. அதையும் பாதி.
நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி,
இன்னொரு தடவை.
யாரும் எண்ணவில்லை, தட்டுகள் நீண்டன.
மிஞ்சிய துண்டை வாழையிலையில் மடித்து
ஜெரோனின் பைக்குள் வைத்தாள்.
"மெல்லண்டாம், முழுங்குனா போதும்னு
லிபினுட்ட சொல்லு."

சாயங்காலம் மினிபஸ்ஸில்
மதிப்பெண் செயலியைத் திறந்தேன்.
பிறிஸ்கா, மூன்றாம் வினா.
சரி, தவறு, இரண்டே பொத்தான்.
ஒன்றை அழுத்தினேன்.
குளச்சல் தாண்டி, திங்கள்நகர் தாண்டி,
தக்கலையில் இறங்கும்வரை
சின்ன வட்டம் ஒன்று
திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது.